ஆட்டாமல் வைத்த ட்யூப்

வாடகை நாற்காலிகளை வாசலில் இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் போன் அடித்தது. ரத்தப் பரிசோதனை லேபில் கூட வேலை பார்க்கும் சின்னப்பெண். துக்க வீட்டில் தொந்தரவு செய்கிறேன் என்று ஆரம்பித்து, பிரிட்ஜைத் துடைக்கிறார்களாம், இவள் கையெழுத்தில் பெயர் எழுதிய ஒரு ட்யூப் நிற்கிறதாம், குப்பையில் போட்டுவிடலாமா என்றாள்.

"போடாத. ஆட்டாம அப்படியே வை. நான் கூப்பிடுறேன்."

அதற்குள் கணவன் வந்து, தன் அக்காவின் அடையாள அட்டை எங்கே என்றான். காலையிலிருந்து மூன்றாவது தடவை. அலமாரியில், மேல்தட்டில், நீல உறையில். அவன் அக்காவின் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, பெண்டாட்டிக்குத்தான் தெரியவேண்டும்.

கூடத்தில் அந்த அக்காவைக் கிடத்தியிருந்தார்கள், இவளுக்கு அண்ணி. பதினோரு வருஷம் ஒரே அடுப்படியில் மல்லுக்கட்டிய நாத்தனார். இவளுக்கு அவள் வைத்த பெயர் 'டாக்டரம்மா'. பரிசோதனைக்கு முன் பன்னிரண்டு மணி நேரம் வயிறு காயவேண்டும் என்றால் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, விடிவதற்குள் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிடுவாள். இரண்டு தடவை கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

நேற்றுக் காலையும் இவள்தான் வீட்டிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். மெஷினில் சுழற்றிப் பிரித்தால், ரத்தத்துக்கு மேலே தெளிந்து நிற்கவேண்டிய நீர், சீரம், பால் மாதிரி கலங்கி நின்றது. அப்படிக் கலங்கினால் மெஷின் புரத அளவைக்கூடத் தாறுமாறாகக் காட்டும். மறுபடியும் தின்றிருக்கிறாள் என்று வந்த எரிச்சலில் லேபிலிருந்தே போன் போட்டுக் கத்தினாள்.

"தண்ணியத் தவிர எதையும் தொடலடி," என்றாள் அண்ணி.

"பொய் சொல்லாதீங்க அண்ணி. ராத்திரி பூரா பிரிட்ஜ்ல வச்சா தெரிஞ்சிடும். சாப்பிட்ட கொழுப்புன்னா மேல ஆடையாக் கட்டும். கட்டலைன்னா உடம்பே உண்டாக்கினது. நாளைக்குப் பாப்போம் உங்க சத்தியத்தை."

"பாரு. நல்லாப் பாரு."

நேற்றே டாக்டரிடம் போவதாக இருந்தது. தின்றுவிட்டுக் கொடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் ஒரு கேடா என்று தள்ளிப்போட்டது இவள்தான். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

இவள் கொல்லைப்பக்கம் போய் லேபைக் கூப்பிட்டாள்.

"மெதுவா எடுத்து வெளிச்சத்துல பாரு. மேல ஆடை கட்டியிருக்கா?"

சின்னவள் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இல்லக்கா. மேலயிருந்து கீழவரைக்கும் ஒரே மாதிரி கலங்கலாத்தான் இருக்கு."

இந்தப் பெண்ணுக்கு எதையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது.

"ஆட்டிட்டியா?"

"ஆட்டலக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா. இப்பப் போட்டுடவா?"

இவள் போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி தேடிக்கொண்டு வந்து, காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

"எதுவும் சாப்பிடல."

அவள் மறுகேள்வி கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் சூடான பாலைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டுப் போனாள்.

இவள் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். உள்ளேயிருந்து கணவன், நீல உறை எந்தத் தட்டில் என்று கூப்பிட்டுக் கேட்டான். பாலின் மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.