குறைச்சலான உப்பு

பாய்லர்காரருக்கு டாக்டர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் ஆலையில் பாய்லரைக் கட்டி மேய்த்தவர். தண்ணீரில் உப்பு ஏறினால் குழாய்க்குள் பாறையாகப் பிடித்து, ஒருநாள் வெடித்துத் தொலைக்கும் என்பதுதான் அவர் படித்த ஒரே பாடம். தண்ணீர்ச் சோதனைச் சீட்டில் உப்பின் எண் குறைந்திருந்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

மகன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, நினைவில்லாமல் கிடந்து பதினொரு நாளாகிறது. நேற்று அவன் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். எதற்கு என்று இவர் மல்லுக்கு நின்றதற்கு, அந்த நீரில் மெக்னீசியம் என்ற உப்பு எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க என்றார்கள்.

இன்று மதியம் நர்ஸ் சீட்டைப் பார்த்து, ரொம்பக் குறைச்சல் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்ததுதான் தாமதம், கிழவர் வராந்தாவுக்கு ஓடினார். மருமகள் பெஞ்சில் உட்கார்ந்து புருஷன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு குறைச்சலாத்தான் இருக்காம்மா. குழாய் சுத்தம். பையன் எந்திரிச்சிருவான், பாரு."

அவள் தைப்பதை நிறுத்தி அவர் சிரித்த முகத்தையே பார்த்தாள். "சரி மாமா" என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் டாக்டரம்மாவை மடக்கி, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா முதலில் அவரை உட்காரச் சொன்னாள். இது உடம்பில் இருக்கவேண்டிய உப்பு என்றாள். முதுகுத்தண்டு நீரில் அது குறைந்திருந்தவர்கள் பலர் தாமதமாகத்தான் விழித்தார்களாம். சிலர் விழிக்கவே இல்லையாம்.

"அதை ஏத்திவிட்டா எந்திரிப்பானா?"

"தெரியாதுங்க ஐயா. அதைத்தான் நாங்களும் தேடிட்டிருக்கோம்."

தெரியாது என்று சொன்ன டாக்டரை அவர் இதுவரை பார்த்ததில்லை. எழுந்து திரும்பி நடந்தார்.

வராந்தா அவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. மருமகள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. இது குறைஞ்சா கெட்டதாம்."

"தெரியும் மாமா. காலையிலயே டாக்டரம்மா எங்கிட்ட சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டினே?"

"பதினோரு நாள் கழிச்சு உங்க பல்லைப் பார்த்தேன். கெடுக்க மனசு வரல."

"இருக்கிறதே நாலு" என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். பொத்தானை இழுத்துப் பார்த்தார். கெட்டியாகத்தான் தைத்திருந்தாள்.

"மறுபடி எப்பத் தண்ணி எடுப்பாங்களாம்?"

"திங்கக்கிழமை."

"ஏறணும், இல்ல?"

"ஏறணும் மாமா."

"ஏறணும்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். வாய்க்குப் பழகவில்லை.