மன்னாருக்குக் கட்டிய கருவாடு

மத்தியாஸுக்குக் கடலை ஒரே உருவத்தில்தான் தெரியும்: காய்ந்து, உப்புப் பூத்து, காகிதத்தில் சுற்றி வருவது. அதை மலையில் நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூடையில் சுமந்து வருகிறவர் மன்னார்த் தீவின் கருவாட்டு யாவாரி சவிரிமுத்து. அவர் ஒருநாள் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "ஒருக்கா எங்கட பேசாலைக்கு வாங்கோவன். பிடிச்ச கையோட மீன் காய்ச்சித் தாறம்," என்றார்.

இதற்கெல்லாம் பகிடி சொல்லி அனுப்பிவிடுகிற ஆள்தான் மத்தியாஸ். அன்று ஏனோ அடுப்படியில் நின்ற மனைவி பெற்றீசியாவைப் பார்த்தான். பிள்ளை காய்ச்சலில் போனதிலிருந்து அவள் சமைத்தாள், பரிமாறினாள், தேயிலைச் சாயத்தண்ணி குடித்தாள். சோறு மட்டும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. தீவில் ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிடுவாளா?

அவனுக்கும் எதுவும் ருசிக்கவில்லைதான். ஆனால் அது பழகிப்போன வாய். அவன் வேலை பார்க்கும் தேயிலை அரைக்கிற ஸ்டோரில், எஞ்சினை நிறுத்திய பிறகும் சும்மா சுற்றுகிற சக்கரம்போல அது மென்றுகொண்டும் பகிடி பேசிக்கொண்டும் இருந்தது.

"தீவு பாக்கப் போவமா?"

"போகலாங்க," என்றாள். தேங்காய் துருவச் சொன்னாலும் அதே குரல்தான்.

லீவு கேட்டபோது தோட்டத்து மேற்பார்வைக்காரர் கண்டாக்கையா புருவத்தைத் தூக்கினார். "தீவா? நீ நிக்கிறதே தீவுலதான்டா."

"ரொம்ப ஒசரத்துல நிக்கிறோமுங்க. ஓரம் தெரியல."

லயத்தில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. ஆகவே எல்லோரும் யோசனை சொன்னார்கள். சுற்றிலும் தண்ணீரென்றால் குளிர் கொல்லுமே, கம்பளி எடு. அந்த ஊர்க் கறி வாய்க்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? பெற்றீசியா கருவாட்டை ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்தாள்.

ஆனால் யோசனை சொல்ல வந்தவர்களின் பார்வை சாமான்கள்மேல் போவதை மத்தியாஸ் தாமதமாகத்தான் கவனித்தான். அந்தத் தோட்டத்தில் மன்னார் ரயில் ஏறினவர்கள் எல்லோரும் அங்கே கப்பலேறி இந்தியாவுக்கே போய்விட்டவர்கள். போகிறவர்கள் சட்டி பானையை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்.

"திரும்பி வந்துருவோம், ஆயா," என்றான் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராக் காளியாயியிடம்.

"போறவுக எல்லாம் அப்படித்தான் சொல்றாக, தம்பி. அழுவாச்சி வேணாமுன்னு." சொல்லிவிட்டு அவளே அழுதாள். அழுதபடியே அவர்களுடைய கோழியை எட்டிப் பிடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எதிர் லயத்து ஆண்டியப்பன் அம்மியைத் தூக்கினான்.

"நான் செத்தாக்கூட இம்புட்டுக் கூட்டம் வராது போல," என்றான் மத்தியாஸ். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது. பெற்றீசியா குழவியை எடுத்து ஆண்டியப்பனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பலகைப் பொட்டி சும்மாத்தானே கெடக்கு?" என்றாள் காளியாயி. "கோழிய அடை வைக்க ஆகும்."

மத்தியாஸ் தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த தொட்டில் அது. தோட்டத்து முத்திரைகூட அழியவில்லை. பிள்ளையை முதன்முதல் கிடத்தியபோது, "ஏத்துமதிச் சரக்கு, பதனமா வையி" என்று சிரித்திருக்கிறான். காளியாயிக்கு அது தொட்டில் என்பது மறந்திருக்கலாம். மறக்காததால்தான் பொட்டி என்றாளோ என்னவோ.

"எடுத்துக்கங்க, ஆயா," என்றாள் பெற்றீசியா.

பொல்காவலையில் ரயில் மாறிப் பேசாலையில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பளிக் கோட்டோடு நின்ற மத்தியாஸை நாய்கூட ஒதுங்கிப் போனது. எதிரே கடல்.

"எம்மாம் பெருசு, பாத்தியா?"

"ம்."

சவிரிமுத்துவின் மனைவி இசபெல் பாய் விரித்து, சிவப்பரிசிச் சோறும் மீன் சொதியும் நண்டுக் கறியும் வைத்தாள். மத்தியாஸ் ஒரு வாய் வைத்து, "ஆகா!" என்றான். வாய்க்குள் வெந்நீர் போலிருந்தது. பெற்றீசியா மீனைப் பிட்டு வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மீனு கெட்டுப்போச்சுங்களா? உப்பே பிடிக்கலியே."

"ஐயோ, இப்பதானே கரையில இறக்கினது!"

பெற்றீசியா மூட்டையை அவிழ்த்துப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். "கொஞ்சம் தணல் குடுங்கக்கா."

இசபெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கட கருவாட்டை எங்களுக்கே கொண்டந்திட்டீங்களே, பிள்ளை!" சிரித்தபடியே தணலை இழுத்துவிட்டாள்.

சுட்ட கருவாட்டின் வாசம் எழுந்தது. பெற்றீசியா அதைப் பிட்டுச் சோற்றில் வைத்துப் பிசைந்தாள். மூன்றாவது வாயும் இறங்கியது. பிறகு அடுத்தது. கடலைப் பார்த்தபடி, எதையும் பார்க்காதவள்போல, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். இசபெல் மறுபடி சோறு போட்டபோது கையை மறிக்கவில்லை.

மத்தியாஸுக்கு ஒரு பகிடி தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"ஊருக்குப் போனதும் அம்மியத் திருப்பிக் கேக்கணுங்க," என்றாள் அவள்.

"கேப்போம்."

"பொட்டிய கேக்க வேணாம். கோழி அடையில உக்காந்திருக்கும். எழுப்பக் கூடாது."

"சரி," என்றான். அவள் ஒரு துண்டுக் கருவாட்டில் முள்ளை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். வாயில் போட்டான். உப்புக் கரித்தது.