கட்டிங் மாஸ்டரின் மருந்து

குடிப்பழக்கம் தீயோர் சேர்க்கையால் வருவது என்று முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் முழங்கியவன் நான். என் தங்கையின் கணவருக்கு அது நல்லோர் உபசாரத்தால் வந்தது. நினைத்தால் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் ஒரு தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, சீருடை ஆர்டர் ஒன்றுக்காக மூன்று நாள் கண்ணயராமல் துணி வெட்டியவருக்கு, அலுப்புத் தீர ஒரு குவளை மது ஊற்றிக் கொடுத்தார் முதலாளி. அன்பினால்தான். பிறகு, கடினமான வேலை வரும்போதெல்லாம் வெட்டுமேசையின் ஓரத்தில் ஒரு குவளை வைப்பது அக்கூடத்தின் மரியாதையாயிற்று. நாளடைவில், குடிக்காவிட்டால் கை நடுங்கியது; குடித்தால் நின்றது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிய அந்தச் சனியனுக்கு மருந்தென்று பெயர்! மாஸ்டருக்கு உள்ளே போனால்தான் கை பேசும் என்று காஜா எடுப்பவர் முதல் இஸ்திரி போடுபவர் வரை பெருமையாகச் சொல்லித் திரிந்தனர்.

மருத்துவமனையில் சேர்ந்து குடியை விட்டு, நாற்பது நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் நானும் உடன் சென்றேன். முதலாளியை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்பதென்று முடிவு செய்திருந்தேன். மேசைமேல் கருநீலக் கம்பளித் துணி விரிந்திருந்தது. ஒரு திருமணக் கோட்டுக்கானது. அதே சாயத்தில் இன்னொரு முழம் எங்கும் கிடைக்காது. வெட்டுப் பிசகினால் துணி போகும். குடியில்லாமல் இவர் உதவார் என்ற பேச்சும் நிலைத்துவிடும். ஓரத்தில் வழக்கம்போல் குவளை நிறைந்திருந்தது.

நான் வாய் திறக்குமுன், அங்கேயே தைக்கும் என் தங்கை இயந்திரத்தின் பின்னாலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். அடங்கினேன்.

அவர் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தார். கோடு நெளிந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"ஒரே ஒரு வாய், மாஸ்டர். துணிக்காக," என்றார் முதலாளி மெல்ல.

மாஸ்டர் குவளையை எடுத்தார். அதை முதலாளியின் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே பிடிச்சுக்குங்க, முதலாளி. இங்க இருந்தா துணியில சிந்தும்."

கோட்டைத் தட்டி அழித்துவிட்டு, அளவுகோலை அழுத்திப் பிடித்து மீண்டும் வரைந்தார். முன்பெல்லாம் துணியைத் தூக்கிப் பிடித்து அந்தரத்தில் வெட்டுவார். பார்ப்பவர் வாய் பிளப்பர். அன்று, தொழில் பழகுவோர் செய்வதுபோல, கத்தரிக்கோலின் கீழலகை மேசையோடு படியவைத்து, விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். நடுங்கிய கையின் பாரத்தை மேசை சுமந்தது.

"என்ன மாஸ்டர், இன்னைக்குத்தான் தொழிலுக்கு வந்தீங்களா?" என்றார் காஜாக்காரர்.

"நாப்பத்தோரு நாள் ஆச்சுண்ணே," என்றார், தலை நிமிராமல்.

அரைமணி வேலைக்கு இரண்டரை மணி ஆயிற்று. அவ்வளவு நேரமும் முதலாளி, குவளையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பிடித்தபடியே நின்றார். நான் தொடுத்து வைத்திருந்த எந்தக் கேள்வியும் அவரை இப்படி நிறுத்தியிராது.

தங்கை இரு தோள் துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரத்தை விரலால் தடவினாள்.

"ஒரு நூலும் பிசகலைங்க."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்தார். "பசிக்குது. சாப்பாட்டை எடு. மச்சான், நீங்களும் உட்காருங்க."

பகலில் அவர் பசியென்று சொல்லிக் கேட்டுப் பல ஆண்டுகளாகியிருந்தன. பதினொன்றரை மணிக்கே மூவரும் அமர்ந்து உண்டோம்.