மஞ்சள் பூசிய அடுப்பு

கிளாட்சன் மின்வாரியத்தில் வயர்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ பார்த்து எதையாவது கட்டுவார். பங்குனி முதல் வாரத்தில் அவர் கட்டியது பீட்சா சுடும் அடுப்பு. வாய்க்கால் களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்து, கொல்லையில் செங்கல் மேடை போட்டு, அதன் மேல் இடுப்புயரத்துக்குக் கூம்பாக எழுப்பிவிட்டார். நிழலில் ஆறு நாள் காய வேண்டும். வெடிப்பு விடாமலிருக்க அடுப்பின் வாயில் ஈரச்சாக்கைத் திணித்து மூடினார். வரும் ஞாயிறு மாலை அவருடைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் நீடாமங்கலத்திலிருந்து சாப்பிட வருகிறார்கள். மனைவி விண்ணரசி மைதாவும் சீஸும் வாங்கி வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு எழில்மொழி செவ்வாய்க்கிழமை வேலியோரம் நின்று அடுப்பைப் பார்த்தாள். அவள் விண்ணரசியோடு பள்ளியில் படித்தவள். இப்போது உதவி வேளாண்மை அலுவலர். சாக்கு மூடியிருந்த அந்த மண்கூம்பு அவள் கண்ணுக்கு அச்சு அசலாகப் பாம்புப் புற்று. அவள் அப்பா வீட்டில் ஒரு சாமி படம்கூட மாட்டாதவர், அவளும் அப்படியே வளர்ந்தவள். ஆனால் அடுப்பங்கரையில் மஞ்சள்தூள் இருந்தது, குங்குமத்தைப் பெட்டிக்கடையில் வாங்கினாள். புதன்கிழமை பொழுது விடியுமுன் வேலியைத் தாண்டி, கூம்புக்கு மஞ்சள் பூசி, மூன்று பொட்டு வைத்து, செம்பருத்தியும் சாத்திவிட்டு வந்தாள்.

காலையில் கிளாட்சன் பல்குச்சியோடு கொல்லைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போய் விண்ணரசியைக் கூட்டிவந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் எழில்மொழி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எழில், இதப் பாத்தியா? யாரோ புத்துன்னு நெனச்சு கும்பிட்டுப் போயிருக்காங்க."

"அப்படியாண்ணே? பாக்கவும் அப்படித்தான் இருக்கு" என்றாள் எழில்மொழி. மாலையில் சொல்லிவிடலாம், சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்தாள். மாலையில் ஆபீசில் மீட்டிங். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விஷயம் கைமீறிப் போயிற்று. கொல்லைக்குப் பின்னால் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர் வேம்பு. ஐம்பது வயது, ஊர்ப் பெண்கள் சுயஉதவிக் குழுவின் தலைவி. அவர் ஈரத்தலையோடு வந்து, அடுப்புக்கு முன்னால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு முட்டையும் வைத்து, கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். எழில்மொழி வேலியோரம் வந்தாள்.

"என்னக்கா வேண்டிக்கிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மழதான் எழிலு. நல்ல மழையா நாலு நாள் கொட்டணும்னு வேண்டிக்கிட்டேன்."

சனிக்கிழமை இன்னும் இரண்டு முட்டை. போகும்போது வேம்பு விண்ணரசியிடம் சொன்னார்: "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்ம குழுப் பொம்பளைங்க பதினோரு பேரும் இங்க வர்றோம். ஒங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

விண்ணரசியால் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் போனதும் எழில்மொழியைக் கூப்பிட்டு அழாத குறையாகப் பேசினாள். "அவங்க கையெடுத்துக் கும்பிட்ட எடத்துல போயி விறகப் போட்டுத் தீ வைக்க முடியுமாடி? நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்கார வீடு வேற. வேணும்னே செஞ்சாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

கிளாட்சன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல. ஃப்ரெண்ட்ஸுக்குத் தஞ்சாவூர்ல கடையில வாங்கிட்டு வந்துடலாம்" என்றார். ஞாயிறு முழுக்க மண் மிதித்த மனுஷன் அதைச் சொன்ன குரல் எழில்மொழியை இருக்கவிடவில்லை. நேராக வேம்புவைத் தேடிப் போனாள்.

தார்ரோட்டின் ஒரு பாதியில் உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டு, வேம்பு அதைக் கோலால் புரட்டிக்கொண்டிருந்தார். எழில்மொழி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. அது புத்து இல்ல. அடுப்பு. மஞ்சளும் குங்குமமும் நான்தான் வச்சேன். வெளையாட்டுக்கு. நீங்க வந்து கும்பிடுவீங்கன்னு நெனைக்கல."

வேம்பு கோலை நிறுத்தவில்லை. "நீதான் வச்சேன்னு தெரியும். புதங்கெழம விடியக்காலையில தண்ணி பாய்ச்ச வந்தேன். வேலியில பொடவ மாட்டிக்கிட்டு நீ பட்ட பாட்டப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

எழில்மொழி குனிந்து புடவைக் கரையைப் பார்த்தாள்.

"பொறந்ததுலேர்ந்து மண்ணுல கெடக்குறவ நான். எனக்குப் புத்து எது, அடுப்பு எதுன்னு தெரியாதா? அந்தத் தம்பி மண்ணு மிதிக்கையில வைக்கோல் குடுத்ததே நான்தான்."

"அப்ப மழைக்கு வேண்டிக்கிட்டது?"

வேம்பு இப்போதுதான் சிரித்தார். "உளுந்து ரோட்டுல காயுது. இந்த நேரத்துல எவளாவது மழ கேப்பாளா? நீ வேளாண்ம ஆபீசுதானே?"

எழில்மொழி நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள். பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தாள். "அப்ப நாளைக்கு யாரும் வரல, அப்படித்தானே?"

"அது நெசம். பதினோரு பேரும் வர்றோம். அந்த பீசாவத் திங்க. விண்ணரசிகிட்ட நீயே போயி எல்லாத்தையும் சொல்லிடு."

சொன்னாள். விண்ணரசி முழுதும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பெரிய அலுமினியத் தாம்பாளம் இருந்தது. "மூணு கிலோ மைதா. நீதான் பெசையிற."

ஞாயிறு மதியம் கிளாட்சன் மஞ்சளைக் கழுவிவிட்டுக் கருவை விறகை மூட்டினார். ஐந்து மணிக்கு நண்பர்கள் நாலு பேரும் குழுப் பெண்கள் பதினோரு பேரும் கொல்லையில் நெருக்கியடித்து நின்றார்கள். முதல் பீட்சா பலகையில் ஒட்டிக்கொண்டு, உதறியதில் தலைகுப்புற நெருப்பில் விழுந்தது. இரண்டாவது அடியில் கரி, மேலே பச்சை மாவு. கிளாட்சனின் காது சிவந்தது. ஆபீஸ் நண்பர்கள் ஃபோனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

"தம்பி, தள்ளுங்க" என்று வேம்பு முன்னால் வந்தார். தணலை ஒரு ஓரமாக ஒதுக்கினார். ஈரத்துணியைக் கழியில் சுற்றி அடுப்பின் உள்தரையைத் துடைத்தார். ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்த்தார், உடனே கருகியது. "இன்னும் ஆறணும்." மறுபடி தூவினார். இந்த முறை மெல்லப் பழுப்பேறியது. "இப்ப வைங்க."

மூன்றாவது பீட்சா ஓரம் பொங்கி, சீஸ் கொப்புளித்து வெளியே வந்தது. நாலாவதில் விண்ணரசி அந்த நாலு முட்டைகளையும் உடைத்து ஊற்றினாள். அது தட்டுக்கு வந்த வேகத்தில் காலியானது. வேம்பு ஒரு துண்டைக் கடித்து இழுக்க, சீஸ் நூலாக முழங்கை வரை வந்தது.

"எப்படியிருக்குங்க?" என்று கிளாட்சன் பயந்துகொண்டே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வாயவிட்டுப் போவ மாட்டேங்குதே, கத்திரிக்கோல் வச்சுத்தான் திங்கணுமா?" என்றார் வேம்பு. கொல்லையே சிரித்தது. அன்று மொத்தம் பதினெட்டு பீட்சா. எழில்மொழிக்கு மட்டும் தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. ஆறிய கடைசித் துண்டுதான் கிடைத்தது. அதையும் விண்ணரசி பாதி பிய்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வேம்பு அடுப்பைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். "குழுவுக்கு ஒண்ணு போடலாம். சனிக்கெழம சனிக்கெழம பன்னு சுட்டுக் கடைக்குப் போடலாம்னு பேசியிருக்கோம். தம்பி கட்டிக் குடுப்பாரு."

"கட்டித் தர்றேன். மண்ணு மிதிக்க ஆள் வேணும்" என்றார் கிளாட்சன்.

 பதினோரு பேரும் எழில்மொழியைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வாய்க்கால் கரையில் களிமண்ணில் நின்றாள். ஒன்பதரைக்கு ஆபீஸ். வேம்பு கரையில் உட்கார்ந்து வைக்கோலை நறுக்கி நறுக்கிப் போட்டார்.

"போதுமாக்கா?"

"இன்னும் மிதி."