பாப்பா நல்லா இருக்கு

தெருவில் அவளுக்குப் பெயர் காட்டேரியக்கா. கண்ணில் படுகிறவரையெல்லாம் "உங்களுக்கு என்ன ரத்தம்?" என்று கேட்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுடைய ஜெராக்ஸ் கடைக்கு ஒரே ஒரு பக்கம் நகல் எடுக்க வந்தவனும் தப்ப முடியாது. மீதிச் சில்லறை கைக்கு வருவதற்குள் அவனுடைய ரத்த வகையும் போன் நம்பரும் அவளிடம் போயிருக்கும். சிலர் அவள் தலையைக் கண்டாலே எதிர்ப்பக்கம் ஒதுங்குவார்கள். "எனக்குப் பயமே இல்லை. கல்யாணமான அன்னைக்கே என்கிட்ட இருந்ததை எல்லாம் குடிச்சிட்டா" என்பார் அவள் வீட்டுக்காரர்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். இவள் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போடுவாள். கெஞ்சுவாள், திட்டுவாள், வரமாட்டேன் என்றால் வீட்டு வாசலில் போய் நிற்பாள். ரத்தம் கொடுத்து முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இதற்கு ஒரு பைசா கூலி கிடையாது. ஏன் இந்த வேலை என்று கேட்டால், "சும்மா இருந்தா சண்டை போடுவேன், பரவாயில்லையா?" என்பாள்.

இத்தனை வருஷத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் ஒன்று அவளுக்கு உண்டு. முதல் தடவை ரத்தம் கொடுத்தவரிடம் நோயாளி செத்துப்போன சேதியைச் சொல்லவே கூடாது. சொன்னால், "என் ரத்தம் ராசியில்லைக்கா" என்று ஒதுங்கிவிடுவார்கள். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போனை எடுக்க மாட்டார்கள்.

டெய்லரிடம் பொய் சொன்னதும் இப்படித்தான்.

டெய்லர் நாலு கடை தள்ளி இருப்பவர். ஓ நெகட்டிவ், சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காத ரகம். ஆனால் ஊசி என்றதும் வெலவெலத்துப் போகிறவர். "நாள் முழுக்க ஊசியோட குடும்பம் நடத்துறீங்க, இந்த ஒரு ஊசிக்கு என்ன தம்பி பயம்?" என்று கிண்டல் செய்தேதான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். வண்டி மோதிய ஒரு சின்னப் பெண்ணுக்காக. கொடுத்துவிட்டு வந்தவர் அன்று சாயங்காலமே கடைவாசலில் வந்து நின்றார்.

"பாப்பா எப்படி இருக்குக்கா?"

அவர் ரத்தம் பரிசோதனை முடிந்து வருவதற்கு முன்பே பாப்பா ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துபோயிருந்தாள். சேதி அப்போதுதான் வந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். முழங்கையில் ஒட்டிய பஞ்சைக்கூட அவர் இன்னும் எடுக்கவில்லை.

"பாப்பா நல்லா இருக்கு" என்றாள்.

அதோடு அவர் விட்டிருந்தால் பாவம் அவளோடு போயிருக்கும். டெய்லர் விடவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத மனிதர், மெஷின் உண்டு அவர் உண்டு என்று இருந்தவர். இப்போது விசாரிக்க ஒரு உயிர் கிடைத்துவிட்டது. நூல் வாங்கப் போகும்போது கேட்டார், வரும்போதும் கேட்டார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். பாப்பா கண் விழித்தாள், எழுந்து நடந்தாள், பள்ளிக்கூடத்துக்கே போக ஆரம்பித்துவிட்டாள். "என் ரத்தமில்லையா, அதான் கெட்டி" என்று அவர் சிரிக்கும்போதெல்லாம் இவள் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரு பை ரத்தத்துக்குச் சொன்னால் குற்றமா என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வந்தது. பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இருப்பில் இருந்த ஒரே பை ஏறிக்கொண்டிருக்கிறது, அடுத்ததுக்கு வழியில்லை. காட்டேரியக்கா தனக்குத் தெரிந்த ஓ நெகட்டிவ்காரர்களைக் கூப்பிட்டாள். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார், மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்க மாட்டார்கள். மிச்சம் டெய்லர்தான்.

"இதோ வர்றேன்க்கா. ஆனா இந்தத் தடவை பாப்பாவை ஒருவாட்டி கண்ணுல காட்டணும்."

"முதல்ல வாங்க தம்பி."

கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடையிலேயே நின்று நூலை அவிழ்த்துக் காட்டினார். மஞ்சள் கவுன், கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூ.

"அளவு எடுக்கலை, குத்துமதிப்பாத் தைச்சது. ஆனா உள்ள துணி விட்டிருக்கேன்க்கா, பாருங்க." கவுனைத் திருப்பி, மடித்துத் தைத்த ஓரத்தைக் காட்டினார். "வளர்ற பிள்ளை இல்லையா? இதைப் பிரிச்சுவிட்டா இன்னும் ரெண்டு வருஷம் போடலாம்."

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. நடையின் கோடியில் அந்தப் பெண்ணின் புருஷன் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். இவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அவனுக்கு யார் பதில் சொல்வது?

"உள்ள போங்க தம்பி" என்றாள்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். பை நிறைந்துகொண்டிருந்தது. மடியில் கவுனை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. நிஜமாகவே காட்டேரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூஸைக் குடித்துவிட்டு டெய்லர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

"போலாமாக்கா? வீடு எந்தப் பக்கம்?"

"பாப்பா இல்லை தம்பி."

"வீடு மாத்திட்டாங்களா?"

"அன்னைக்கே போயிடுச்சு. நீங்க வந்து கேட்டப்பவே இல்லை. நான்தான் பொய் சொன்னேன்."

சீப்பு அவர் கையிலேயே இருந்தது.

"அப்ப பள்ளிக்கூடம் போகுதுன்னு சொன்னது?"

"அதுவும் பொய்தான் தம்பி."

"என் ரத்தம்?"

"வேற யாருக்காவது போயிருக்கும்."

"இன்னைக்கு வந்ததும் சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"குடுத்திருப்பேன்" என்றார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த கவுனை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள். அவசர அவசரமாகப் பரிசோதித்து ஏற்றியது டெய்லர் கொடுத்த பைதான், அது இல்லாவிட்டால் கஷ்டம் என்று நர்ஸே சொன்னாள். காட்டேரியக்கா வார்டுக்குள் போய்த் தன் கண்ணாலேயே பார்த்தாள். அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் அங்கிருந்து மூச்சு வாங்க டெய்லர் கடைக்கு ஓடினாள்.

டெய்லர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து மஞ்சள் கவுனின் தையலை பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு பிழைச்சிடுச்சு! உங்க ரத்தந்தான். என் கண்ணால பார்த்துட்டு வர்றேன், சத்தியமா. குழந்தையும் நல்லா இருக்கு."

அவர் நிமிரவில்லை. பிரிந்த நூலை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போட்டார்.

"சந்தோஷம்க்கா" என்றார். "அந்தப் பாப்பாவும் நல்லாத்தானே இருந்துச்சு. பள்ளிக்கூடமெல்லாம் போச்சே."