வாட்ச் கடைக்காரரின் லென்ஸ்

1
இப்போதெல்லாம் யாரும் எதையும் சும்மா கைநீட்டி வாங்குவதில்லை. பேனா கொடுத்தால் துடைக்கிறார்கள், நாற்காலி போட்டால் தட்டிவிட்டு உட்காருகிறார்கள். போன வாரம் ஒரு வாட்ச் கடையில் ரிப்பேர்க்காரர் நீட்டிய லென்ஸை ஒரு பெண் அழுத்தித் துடைத்த பிறகே கண்ணில் வைத்தாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. அவளைத் திட்டத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். அது வேறு பக்கம் போய்விட்டது.

2
வாட்ச் கடைக்காரர் நேர்மையானவர், ஆகவே...

(அடித்துவிட்டேன். நான் சொன்னால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? நானே நம்பமாட்டேன்.)

வாட்சைத் திறந்ததும் தன் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றி வந்தவர் கையில் கொடுப்பார். "நீங்களே பாத்துக்கங்க. ஒரு சாமானும் மாத்தல." திருடன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. நேற்று கண் சிவந்து நீர் வடிய வந்த ஜவுளிக்கடைக்காரரும் அப்படித்தான் பார்த்தார். பிறகு அதே லென்ஸை வைத்துக்கொண்டு கடைக்காரரின் மகள் ஒரு வாட்ச் முள்ளைப் பொருத்தினாள். காலையில் அவளுடைய வலது கண் சிவந்து, இமை ஒட்டிக்கிடந்தது.

பஸ் ஓட்டும் வேலைக்கு அவளுக்கு அடுத்த வாரம் கண் பரிசோதனை.

3
"லென்ஸக் கழுவுங்கப்பா. இடது கண்ணாவது தப்பட்டும்."

"இதுலயா? சக்கரத்துல ஒட்டின தூசியே இதுல மலை மாதிரி தெரியுது. கிருமி இருந்தா தெரியாதா?"

"உங்க லென்ஸுக்கு அவ்வளவு தூரம் எட்டாதுப்பா."

"பஸ்ஸுல கம்பியப் புடிச்ச கைய கண்ணுல வச்சிருப்ப."

"வச்சிருப்பேன். கைய நான் கழுவறேன். இத நீங்க கழுவுங்க."

சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

(இங்கே அவர் மனம் மாறியதாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. கம்பியா லென்ஸா என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?)

4
அப்போது ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்த வாட்சை வாங்க வந்தார். வந்ததும் சிரித்தார். "என்ன பெரியவரே, உள்ள பழைய சாமானச் சொருகிட்டீங்களா?"

அந்த ஒரு சொல் போதும். கடைக்காரரின் கை தானாக லென்ஸுடன் நீண்டது. மகள் சிவந்த கண்ணால் அந்தக் கையையே பார்த்தாள். கை பாதியில் நின்றது.

தண்ணீரில் முக்கினார் என்று ஒரு முடிவு எழுதினேன். கொடுத்துவிட்டார் என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன்.

லென்ஸ் இப்போது உங்கள் பக்கம்தான் நீண்டிருக்கிறது. துடைத்து வாங்குகிறவர்கள் துடைத்துக்கொள்ளுங்கள், நான் திட்டமாட்டேன். கண்ணுக்குத் தெரியாததை நம்பு என்றால் மட்டும் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. நான் கிளம்புகிறேன்.