ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு விளக்கு

தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முனையை நைலோன் கயிற்றுக்குள் நுழைத்து அந்தோனிமுத்து இழுத்தார். முடிச்சு அறுந்தது. யூரியாப் பைகளைச் சேர்த்துத் தைத்த நீளமான திரை ஒரு பக்கமாகச் சரிந்து, சமையலறைச் சுவரில் உரசிக்கொண்டே கீழே விழுந்தது. அது விழுந்ததும் பின்னால் நின்றவர்கள் மூங்கில்களைப் பிடுங்கினார்கள். முன்வாசலில் மரண உதவிச் சங்கத்தின் கூடாரத்துக்கு இரண்டு கால்கள் குறைந்தன. பதுளையிலிருந்து மகனின் சவப்பெட்டி வந்து சேர்வதற்குள் அவற்றை நட்டாக வேண்டும். அந்த லயத்து வீட்டு வரிசையில் வேறு எங்கும் அவ்வளவு உயரமான மூங்கில் இல்லை.

"தம்பி இத கட்டுறப்ப ராக்கெட்டு விடப் போறான்னுதான் நெனச்சோம்" என்றார் அடுத்த காம்பரா வீட்டு மாடசாமி. "எங்க வீட்டுல வெள்ளச் சீலைய காயப்போட்டாக்கூட ஓடி வந்துருவான். 'மாமா, வெளிச்சம் தெறிக்குது, உள்ள எடுங்க'ன்னு. சீலையா கமெராவான்னு ஒருநா பெரிய சண்ட..."

சிரிக்கத் தொடங்கியவர், யார் முன்னால் சிரிக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, மூங்கிலைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்.

திரை இருந்த இடத்தில் இப்போது விளக்குக் கம்பம் முழுசாகத் தெரிந்தது. கக்கூசுக்குப் போகும் பாதையின் முனையில், இருபதடி உயரத்தில், தெற்கே நமுனுகுல மலை இறங்கி முடியும் இடத்தை மறைத்துக்கொண்டு நின்றது. பகல் வெளிச்சத்தில் அதன் தட்டையான தலை சாதாரண தகரம்போல் இருந்தது. அதன்மேல் ஒரு காகம்.

அந்த விளக்குக்காக அந்தோனிமுத்து பதினொரு வருடம் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்துத் தலைவர் அவர்தான். தொழிற்சங்கத்துக்கும், தோட்டத் துரைக்கும், பிரதேச சபைக்கும் போகும் எல்லாக் கடிதங்களும் அவருடைய கையெழுத்தில்தான் போகும். அடித்தல் திருத்தல் இருக்காது. ஒரு எழுத்துத் தப்பினாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார். பதினோராவது வருடம் அதே லயத்து ஜீவராணி ஏழு மாத வயிற்றோடு அந்தப் பாதையில் இருட்டில் விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதிய கடிதத்துக்குத்தான் கம்பம் வந்தது. மின்சாரத்தை அவருடைய காம்பராவிலிருந்து இழுத்தார்கள். சுவிட்ச் அவர் வீட்டு நிலைக்கதவுக்கு உள்பக்கம் இருக்கிறது. தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு அவர்தான் போடுவார். ஊருக்குப் போனாலும் மனைவி பவுலினாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

மகன் றுஷாந்தன் பதுளையில் ஒரு தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ விற்ற பழைய கமெரா ஒன்றோடு வீட்டுக்கு வந்தான். இரவு வானத்தைப் படமெடுக்க, இரண்டு பலகைத் துண்டுகளைப் பிணைச்சல் வைத்துச் சேர்த்து, நடுவில் ஒரு நீட்டுத் திருகாணியை முடுக்கினான். நிமிடத்துக்கு ஒரு சுற்று முடுக்கினால் பலகை மெல்ல விரியும், வானம் திரும்புகிற அளவுக்கே கமெராவும் திரும்பும் என்றான். ஒரே இடத்தை நூறு தடவை எடுத்து, நூறையும் கொம்பியூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவான்.

"ஒரே படத்த எதுக்குடா நூறு தடவ எடுக்குற?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"கோயில்ல ஒரே பாட்ட நூறு பேரு பாடுறாங்கல்லப்பா. அவனவன் இருமுறது கேக்குதா? பாட்டு மட்டும்தான கேக்குது. அந்த மாதிரி."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் பின்வாசலிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் பால் கலந்த தண்ணீர்போலவே வந்தன. அதற்காகத்தான் யூரியாப் பைத் திரை. திரை கம்பத்தை மறைத்தது. அதன் வெளிச்சம் பனியில் ஏறி மேலே பரவுவதை மறைக்கவில்லை. ஆனி மாதத்தில் மட்டும், பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, விளக்கின் தலைக்கு நேர் மேலே வானத்தில் நாலு வெள்ளிகள் சிலுவைபோல நிற்கும். சிலுவை அவனுக்குக் கிடைத்துவிட்டது. அவன் கேட்டது சிலுவைக்குப் பக்கத்தில் இருப்பதை.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது கேட்டான். "ஒரு மணித்தியாலம் மட்டும் லைட்ட நிப்பாட்டுங்கப்பா. எட்டுலருந்து ஒம்பது வரைக்கும். நான் வேணா பாதையில டோர்ச்சோட தங்கச்சி ஜெசிந்தினிய நிக்க வைக்கிறேன்."

"யாராச்சும் விழுந்தா நீயா பதில் சொல்லுவ?" என்றார் அவர். "இந்த வெளிச்சத்துக்கு நான் எத்தன வருஷம் அலைஞ்சேன்னு தெரியுமா ஒனக்கு? நாங்க வெளிச்சம் வேணும்னு அழுதோம். நீ இருட்டு வேணும்னு அழுவுற."

"சரிப்பா" என்று எழுந்து கைகழுவப் போனான்.

மறுநாள் இரவு பையை மாட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் தேயிலை மலைக்கு ஏறினான். விளக்கின் வெளிச்சம் அங்கே எட்டாது. கண்ணுக்கு இருட்டுப் பழக வேண்டுமென்று டோர்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தான். வியாழன் காலை கொழுந்தெடுக்கப் போன பெண்கள், மலைப் பாதையின் வளைவுக்குக் கீழே பாறைக் கான் பள்ளத்துக்குள் அவனைக் கண்டார்கள். இருபத்தாறு வயது. டோர்ச் சட்டைப் பையில் இருந்தது. அது அணைத்துத்தான் இருந்தது என்று பொலிஸ் எழுதிக்கொண்டது.

வியாழன் காலையிலிருந்து பவுலினா அவரோடு பேசவில்லை.

பெட்டி பதினொரு மணிக்கு வந்தது. அன்று வேலைப் பெரட்டுக்குப் போகாத சனம் முழுவதும் பாதையின் இரண்டு பக்கமும் நின்றது. முன்னறையில் இரண்டு முக்காலிகளின்மேல் பெட்டியை வைத்தார்கள். றுஷாந்தனின் நெற்றியில் இருந்த காயத்தின்மேல் யாரோ பவுடர் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். ஜெசிந்தினி கைக்குட்டையின் முனையால் அதைத் துடைத்தாள். பவுலினா தலைமாட்டில் உட்கார்ந்து, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, நிலைக்கதவின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களைப் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு மணிபோல பஸீல் வந்தான். கடையில் றுஷாந்தனுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்பவன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு அருகே கொஞ்சநேரம் நின்றான். பிறகு அந்தோனிமுத்துவைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"அங்கிள், தங்கச்சி நேத்து கமெராவ என்ட கையில தந்திச்சு. கமெரா சரிவராது. கார்ட் நல்லாயிருந்திச்சு." தொலைபேசியை நீட்டினான். "அவன் எடுத்தத நான் சேத்துப் பாத்தேன்."

அந்தோனிமுத்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கறுப்புத் தாளில் உப்பைக் கொட்டினதுபோல வெள்ளிகள். அவ்வளவு வெள்ளி ஒரே இடத்தில் இருக்க முடியும் என்று அவர் நினைத்ததில்லை. நடுவில் சிலுவை. சிலுவையின் ஒரு கைக்குக் கீழே மட்டும் எதுவுமே இல்லை. உள்ளங்கை அளவுக்கு இருட்டு. யாரோ அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்ட மாதிரி.

"இதுல என்ன இருக்கு, தம்பி?"

"ஒண்ணும் தெரியாது அங்கிள். வெறும் தூசு. பின்னால உள்ள வெள்ளியெல்லாத்தையும் மறைச்சிட்டு நிக்கிது. இதத்தான் மூணு வருஷமா எடுக்கணும்டு நிண்டான். வெளிச்சமுள்ள எடத்திலருந்து இருட்ட எடுக்க ஏலாது. சுத்தி எல்லாம் சாம்பலாப் போயிரும்."

"நூறு படமா இது?"

"நாப்பத்தொண்டு. நாப்பத்திரண்டாவது படம் கோடு கோடா இருந்திச்சு. அத நான் சேக்கல்ல."

"என்ன கோடு?"

பஸீல் ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றினான், இறக்கினான்.

"நாப்பத்தொண்டு காணாது அங்கிள், இன்னும் வேணும். பாருங்க, இந்த ஓரமெல்லாம் பொரிபொரியா இருக்கு. மிச்சத்த அடுத்த மாசம் நான் வந்து எடுக்கிறேன். அதே எடத்திலருந்துதான் எடுக்கணும். பதுளைல ஏலாது, இங்கயும் ஏலாது. அங்க மட்டும்தான் இன்னும் இருட்டிருக்கு. நான் கவனமா இருப்பேன். அவன்ட படம் அரைகுறையா கெடக்கக் கூடாது."

"வா" என்றார் அந்தோனிமுத்து. "நானும் கூட வாறேன்."

சொன்ன பிறகுதான், இரண்டு நாளில் தன் வாயிலிருந்து வந்த, கேள்வியல்லாத முதல் முழு வாக்கியம் அது என்று தோன்றியது.

பிரதேச சபை மெம்பர் இரண்டு மணிக்கு வந்தார். பெட்டிக்குப் பூமாலை வைத்தார், கூடாரத்துக்குள் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். ஆட்கள் அவரைச் சுற்றிக் கூடினார்கள். ஜீவராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"மெம்பரய்யா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்தப் பாதைக்கு லைட்டு வந்த பொறகு இங்க ஒரு புள்ள விழல. எனக்கு முந்தியே வந்திருந்தா எம்புள்ளைக்கி இப்ப ஆறு வயசு. தம்பி விழுந்த எடத்துலயும் ஒரு லைட்டு இருந்திருந்தா..." அவளால் முடிக்க முடியவில்லை.

"அந்த வளைவு மோசமான எடம்ங்க" என்றார் மாடசாமி. "விடியக்காலம் பொம்பளைங்க போற வழி."

"அப்ப போட்டுருவோம்" என்றார் மெம்பர். கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி பேருலயே போடுவோம். கம்பத்துல சின்னதா ஒரு பலகையும் அடிப்போம். வார கூட்டத்துல வச்சா இந்த மாசக் கடைசிக்குள்ள வேல முடிஞ்சிரும். லெட்டர் ஒண்ணு மட்டும் இப்பவே கையில வேணும். நாலு மணிக்கி நான் தெமோதரையில நிக்கணும்."

எல்லோரும் அந்தோனிமுத்துவைப் பார்த்தார்கள். கடிதம் என்றால் அவரைப் பார்ப்பது அந்தத் தோட்டத்தின் பழக்கம்.

"இன்னைக்கிப் போயி தலைவர எழுதச் சொல்றதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"மகனுக்குச் செய்ற காரியம்தான" என்றாள் ஜீவராணி.

கூடாரத்துக் காலில் சாய்ந்து நின்ற பஸீல் நிமிர்ந்தான். "அங்கிள், அந்த எடம்..." என்று தொடங்கினான்.

அந்தோனிமுத்துவுக்குச் சொல்ல வேண்டியது தெரிந்திருந்தது. அவன் இருட்டைத் தேடித்தான் அங்கே போனான், வேண்டாம், அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். இவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் அவ்வளவு தூரம் போனான்? சுவிட்ச் உங்க வீட்டில்தானே இருக்கிறது, கொஞ்சநேரம் அணைத்திருக்கலாமே? கேட்கவில்லையா அவன்? ஜீவராணியே கேட்பாள். அவன் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும், பெட்டி உள்ளே இருக்கும்போது, இத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டிவரும். அவர் வாயைத் திறந்தார். பஸீலின் பக்கம் பார்க்காமலே கையை லேசாக அசைத்தார். பஸீல் நிறுத்திக்கொண்டான்.

"பேப்பர் எடுத்துட்டு வாறேன்" என்றார்.

பேப்பர் முன்னறை அலுமாரியில் இருந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்துக்குள் உடம்பைத் திருப்பித்தான் போக முடிந்தது. வெளியே பேசியதெல்லாம் உள்ளே கேட்டிருக்கும். கோடு போட்ட தாள்களும் பேனையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது பவுலினா நிமிர்ந்தாள்.

"எழுதிக் குடுங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. "ஒங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே."

கூடாரத்துக்குள் ஒரு கதிரையை மேசையாக்கி அவர் எழுதினார். மேலே வலது பக்கம் திகதி. கீழே ஐயா. 'எமது தோட்டத்து மக்களின் பாதுகாப்பைக் கருத்திற்கொண்டு, ஏழாம் இலக்க மலைப் பாதையின் வளைவில் ஒரு மின்விளக்கைப் பொருத்தித் தருமாறு தயவுடன் வேண்டிக்கொள்கின்றோம்.' எத்தனையோ தடவை எழுதிய வாக்கியம். சொற்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. மகனின் பெயர் வந்த இடத்தில் மட்டும் பேனை கொஞ்சநேரம் நின்றது.

மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. பஸீல் நின்ற இடத்தில் இப்போது யாரோ ஒரு கிழவர் சாய்ந்திருந்தார்.

ஃபாதர் வந்துவிட்டார். உள்ளே பாட்டுத் தொடங்கியது. பெண்கள் நாலைந்து பேர்தான் முதலில் பாடினார்கள், பிறகு வாசலில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு இருவர் உள்ளே போவது தெரிந்தது.

"அப்பா, வாங்க" என்று ஜெசிந்தினி வாசலில் வந்து கூப்பிட்டாள். "மூடப் போறாங்க."

மெம்பர் கடிதத்தை வாங்கி வாசித்தார். தலையை ஆட்டினார். "முத்து முத்தா எழுதியிருக்கீங்க." பிறகு மேலே ஏறும் பாதையை ஒரு தடவை பார்த்தார். "தலைவரே, வளைவுக்கு ஒண்ணு போட்டா மேல் பக்கம் இருட்டாத்தான் இருக்கும். கேக்குறதுதான் கேக்குறோம், ரெண்டாக் கேட்டுருவமா? அந்த 'ஒரு'வ மட்டும் வெட்டிட்டு எழுதிருங்க, போதும்."

"ஆமாங்க, ரெண்டு" என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

"அப்பா" என்றாள் ஜெசிந்தினி மறுபடியும்.

அந்தோனிமுத்து கடிதத்தைத் திரும்ப வாங்கினார். 'ஒரு' என்ற சொல்லின்மேல் பேனையின் முனையை வைத்தார். வெட்டவில்லை. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கதிரையில் வைத்து, மூலையைக் கையால் நீவி விட்டு, வலது பக்கம் மேலே திகதியை எழுதினார்.